மாசியில் நெல் வாங்குவது எப்படி

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் பெரும்போக (மாரிகாலத்து நெல்) அறுவடை நடக்கிற மாசி, பங்குனியிலேயே வருஷத்து நெல்லை வாங்கிடுவன். அப்பதான் விலை இறங்கும்.

மலிவென்று ஈர நெல்லை எடுக்காதீங்க. நாலு மணியைப் பல்லில் கடிச்சுப் பாருங்க: ‘டக்’கெண்டு உடைஞ்சால் காய்ஞ்சது, நசிஞ்சால் ஈரம். முதல் வருஷம் நான் நிறத்தைப் பார்த்து வாங்கி, பாதி மூட்டை பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. மாமி ஒண்டும் சொல்லல்ல, அதுதான் சுட்டது.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகையில் அடுக்குங்க, சுவருக்கு ஒரு சாண் தள்ளி. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 65 கிலோ அரிசி தேறும். குத்தும்போது மில்லிலேயே நில்லுங்க, தவிட்டையும் கேட்டு வாங்குங்க, கோழிக்கு ஆகும். மிச்சம் பிடிச்ச காசில்தான் மகள் கணக்கியல் வகுப்புக்குப் போறாள்.