நோயில் இருக்கும் அப்பாவிடம், கடைசிக் காலத்தில் அவருக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற பேச்சை எப்படி எடுப்பது?

எதிரில் உட்கார்ந்து "முக்கியமான விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போடும்போது, கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்க, "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?" என்று கேளுங்கள். அப்புறம் சும்மா இருங்கள், அதுதான் கஷ்டம். "நான் போயிட்டா..." என்று அவரே தொடங்கினால் "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அடக்காதீர்கள்.

வெண்டிலேட்டர் வேண்டுமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயல வேண்டுமா (தளர்ந்த உடம்பில் விலா எலும்பு முறியலாம்), கடைசி நாட்கள் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, அவரால் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது என்பதையெல்லாம் ஒரே நாளில் கேட்டு முடிக்க வேண்டாம். வலி தணிக்கும் சிகிச்சை கடைசி வாரத்துக்கு மட்டுமானதல்ல, முன்பே கேட்கலாம். சொன்னதை எழுதி, கூடப்பிறந்தவர்களுக்கும் காட்டுங்கள். மனசு மாறினால் திருத்திக்கொள்ளலாம்.