ஊட்டி ஹோட்டல்களின் ஊர்ப் பொறுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் ஏப்ரலும் மேயும் சீசன். அறைகள் நிரம்பி வழிவதும், ஊருக்குள் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருவதும் இந்த மாதங்களில்தான். 'ஊருக்கு ஏதாவது செய்யணும்' என்று நினைக்கும் முதலாளிகள் மரக்கன்று நடுகிறார்கள், பள்ளிக்கு நோட்டு கொடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் பின்வாசலில் டேங்கர் லாரி நிற்கிறதே, அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஊருக்குக் கொடுப்பதைக் கணக்கு வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து எடுப்பதைக் கணக்கு வைக்காததுதான் பெரிய தவறு.

ஊட்டிக்கு முக்கியமான நீராதாரம் பார்சன்ஸ் வேலி அணை. அதிலிருந்து வரும் தண்ணீரைத்தான் ஊராரும் விருந்தினர்களும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டாயம். ஆனாலும் அடைத்துக்கிடக்கும் குழாயைப் பெயருக்கு வைத்திருக்கும் கட்டடங்கள் நிறைய. அதைச் சரிசெய்து, குளியலறைத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விட்டு, கேட்டால் மட்டும் படுக்கை விரிப்பை மாற்றினாலே டேங்கர் நடை குறையும். மரக்கன்றெல்லாம் அப்புறம்.

அடுத்தது மிச்சச் சாப்பாடு. இங்கே நல்ல மனசே சிக்கலாகிவிடும். ராத்திரி பஃபே முடிந்து பதினொரு மணிக்கு மேல் குழந்தைகள் இல்லத்துக்கு போன் போட்டு, 'பிரியாணி இருக்கு, வண்டி அனுப்புங்க' என்பது உதவி ஆகாது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலேயும் குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மேசையில் மணிக்கணக்கில் ஆறிக்கிடந்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. உபரி உணவைப் பகிர்வதற்கென்றே 2019-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. பரிமாறாத உணவைச் சமையலறையிலேயே தனியாக எடுத்து, தயாரித்த நேரத்தை எழுதி, சீக்கிரம் அனுப்ப வேண்டும். அதைவிட நல்லது, பஃபேயின் கடைசி ஒரு மணி நேரத்துக்குச் சிறு பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைப்பது.

சாப்பிட்டு மிஞ்சிய எச்சிலைத் திறந்த தொட்டியில் கொட்டினால் கரடியும் காட்டுப்பன்றியும் தேடி வரும். அப்புறம் விடியற்காலையில் தேயிலைக்குப் போகும் பெண்தான் கரடியை நேருக்கு நேர் பார்க்கிறாள். உங்கள் விருந்தினர் கம்பளிக்குள் இருப்பார். மூடிய தொட்டி, தினசரி அகற்றல் என்பதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. கட்டடமே தவறான இடத்தில் இருந்தால் எந்தச் சேவையும் ஈடாகாது. நீலகிரியின் சிகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் விஷயத்தில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைகளின் பக்கம்தான் நின்றது.

பழங்குடியினரைக் காட்சிப்பொருளாக்குவது இன்னொரு தவறு. குளிரில் தீ மூட்டி, தோடர்களை ஆடச்சொல்லி, விருந்தினர் வீடியோ எடுப்பதற்குப் பெயர் கலாசார ஆதரவு இல்லை. தோடர் பூவேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை லாபியில் வைக்க ஆசையா? இடைத்தரகர் இல்லாமல், பூவேலை செய்யும் பெண்களிடமே ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். 'விற்றால் பணம் தருகிறோம்' என்றால் முதலீடு அவர்களுடையதாகிவிடும்.

வேலை விஷயம் தெரிந்ததுதான்: உள்ளூர்க்காரர்களைப் பாத்திரம் கழுவவும் தோட்டத்துக்கும் மட்டும் எடுப்பது, சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவது. வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கும்போதும் முதலில் ஊருக்குள் கேளுங்கள்.

சட்டப்படி செய்ய வேண்டியதைச் சேவை என்று விளம்பரம் செய்வதும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதலே தடை. 'நாங்கள் பிளாஸ்டிக் கவர் தருவதில்லை' என்பது சாதனை இல்லை. மாறாக, பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் நிறுவனச் சட்டத்தின் 135-வது பிரிவைக் காட்டி 'ஐந்து கோடி லாபம் நமக்கு இல்லை, பொருந்தாது' என்று ஒதுங்குபவர்களும் உண்டு. கிணறு வற்றிய பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் லாபக் கணக்கைப் பார்த்துவிட்டா பேச வருவார்?

கடைசியாக, யாரையும் கேட்காமல் கொடுப்பது. நோட்டு வாங்கும் முன் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். கழிவறையைச் சுத்தம் செய்ய ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் போதும் என்று அவர் சொன்னால், அதை வருஷம் முழுக்கக் கொடுங்கள்.