மின் கைக்கருவியின் கூடு: முன்மாதிரியை நம்பி ஏமாறும் இடங்கள்

டிரில், கிரைண்டர் மாதிரியான கருவிகளின் வெளிக்கூட்டை மோட்டாருக்குப் போடும் சட்டையாக நினைப்பதுதான் முதல் தவறு. பல கருவிகளில் மோட்டார், பேரிங், சுவிட்ச் எல்லாவற்றையும் இடம் மாறாமல் பிடித்திருப்பதே அந்தப் பிளாஸ்டிக்தான். பேரிங் உட்காரும் இடம் கொஞ்சம் விலகினாலும் கியர்ப் பற்கள் சரியாகப் பொருந்தாது. சத்தம் கூடும், சூடு ஏறும். அதனால் வெளித்தோற்றத்தை அழகாக வரைந்துவிட்டு, மற்றதை அப்புறம் உள்ளே திணிக்கலாம் என்று கிளம்பக்கூடாது. வயர் போகும் வழியைக்கூட முதலிலேயே ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மூடும்போது வயர் நடுவில் மாட்டி நசுங்கும்.

கைப்பிடியைக் கணினித் திரையில் பார்த்தே முடிவு செய்பவர்களும் உண்டு. ஒரு ஃபோம் கட்டையைச் செதுக்கிப் பிடித்துப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. பிடியின் குறுக்களவு 30 முதல் 50 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். ஆனால் வெற்று மாதிரி எடையே இல்லாமல் இருப்பதால் யார் கையிலும் சுகமாகத்தான் இருக்கும். மோட்டாரும் பேட்டரியும் வரும் இடங்களில் அதே எடைக்கு இரும்புத் துண்டுகளை வைத்துப் பாருங்கள்; மூக்குப் பக்கம் கீழே இழுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கையுறை போட்டும், இடது கையாலும் பிடித்துப் பாருங்கள். விரல்கள் இயல்பாகப் படியும் இடத்தில் காற்றுத் துளைகளை வைத்துவிட்டீர்களா என்பதும் அப்படியே வெளிப்பட்டுவிடும். துளை வழியாக விரலோ கம்பியோ மின்சாரம் பாயும் பாகத்தைத் தொட முடியக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது 3டி பிரிண்ட். இதில்தான் ஏமாற்றம் அதிகம். அதில் பரவலாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஓடும் மோட்டாரைச் சுற்றி அது தாங்காது. அடுக்கடுக்காக அச்சாவதால், அடுக்குகள் ஒட்டும் திசையில் வலு குறைவு. ஸ்க்ரூவை முறுக்கியதும் அது இறங்கும் பிளாஸ்டிக் தூண் பிளந்துவிட்டால், குறை வடிவமைப்பில்தான் என்று சொல்லிவிட முடியாது. ஸ்க்ரூ பிடிக்கும் மரை உள்ளே வெட்டிய சிறு பித்தளைக் குழாயை (இன்செர்ட்) அந்தத் தூணில் சூடாக்கிப் பதித்தால் முன்மாதிரியைப் பலமுறை கழற்றி மாட்டலாம். பாகங்கள் பொருந்துகின்றனவா என்று பார்க்க பிரிண்ட் போதும், கீழே போட்டு வலிமையைச் சோதிக்கப் போதாது. சிலிக்கோன் அச்சில் வார்க்கும் பாலியூரித்தேன் மாதிரிகளும் இப்படித்தான்: பார்வைக்கு அசல்போல இருக்கும், ஆனால் பொருள் வேறு.

பிரிண்டர் எந்த வடிவத்தையும் அச்சடித்துக் கொடுத்துவிடும்; விற்பனைக்கான கூட்டை உருகிய பிளாஸ்டிக் செலுத்தி வார்க்கும் மோல்டு (உலோக அச்சு) அப்படிக் கொடுக்காது. பக்கச் சுவர்களில் 1 முதல் 2 டிகிரி சரிவு இல்லையென்றால் பாகம் மோல்டிலிருந்து உராய்ந்துகொண்டே வெளிவரும். சொரசொரப்பான பரப்புக்கு இன்னும் கூடுதல் சரிவு வேண்டும். வலுவுக்காகச் சுவரைத் தடிமனாக்குவதும் பயன் தராது. தடித்த இடம் மெதுவாக ஆறி, மேலே குழி விழும். சுவரை ஒரே அளவில் வைத்து, அதன் தடிமனில் பாதி அளவுக்கு உட்பக்கம் ரிப் (மெல்லிய தாங்கு விளிம்பு) கொடுப்பதே வழி.

விற்பனைக்கு வரும் கூட்டின் அசல் பொருள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். இழைகள் ஓடும் திசையில் ஒரு மாதிரியும் குறுக்கே வேறு மாதிரியும் அது சுருங்கும் என்பதால், பேரிங் இடத்தை முதல் மோல்டு பாகத்தில் மறுபடி அளந்தாக வேண்டும். மோல்டிலிருந்து வந்த கையோடு கீழே போட்டுச் சோதித்தாலும் தப்பான பதில்தான் கிடைக்கும். உலர்ந்த நைலான் எளிதில் உடையும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அடி தாங்கும், கூடவே அளவும் கொஞ்சம் மாறும்.