பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

18,72,540 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இலக்கங்களைக் கூட்டினால் 27. உடனே "27ஆல் வகுபடும்" என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. வகுத்துப் பார்த்தால் மீதி 9. இலக்கக் கூட்டல் 3க்கும் 9க்கும்தான் செல்லும். 10ஐ அவற்றால் வகுத்தால் மீதி 1 வருவதுதான் காரணம். 27க்கு அந்த வசதி 1000இல்தான் கிடைக்கிறது (999 = 27 × 37). ஆகவே வலக்கோடியிலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கூட்ட வேண்டும்: 540 + 872 + 1 = 1413; இதை 27ஆல் வகுத்தாலும் மீதி அதே 9. லட்சத்துக்கான கமாவைப் பார்த்துப் பிரித்துவிடாதீர்கள்.

4ஆலும் 6ஆலும் வகுபடுகிறதே, அப்படியானால் 24ஆலும் வகுபடும் என்பது இன்னொரு அவசரம். இரண்டுக்கும் 2 பொதுக் காரணி. எனவே அவற்றின் மீச்சிறு பொது மடங்கான 12 வரைதான் உறுதி.

பெரிய சறுக்கல் இனிமேல்தான். சிறிய பகா எண்களால் வகுத்துக்கொண்டே போனால் 2² × 3² × 5 × 10403 என்று வந்து நிற்கும். 100க்கு உட்பட்ட 25 பகா எண்களில் ஒன்றுகூட 10403ஐ வகுக்காது. பலர் அங்கேயே அதைப் பகா எண் என்று முடித்துவிடுகிறார்கள். அதன் வர்க்கமூலம் 101.99, அடுத்த பகா எண்ணான 101ஐயும் சோதித்தே ஆக வேண்டும். 101 × 103 = 10403! சோதனையைத் தொடங்கும் முன் அடுத்த வர்க்க எண்ணைப் பார்ப்பது நல்ல பழக்கம்: 102² = 10404, ஒன்று குறைவு, ஆகவே (102 − 1)(102 + 1). காரணிகளைத் திரும்பப் பெருக்கிச் சரிபார்த்தாலும் இந்தத் தவறு பிடிபடாது, பெருக்கற்பலன் சரியாகவே வரும்.

விளைவு சிறியதல்ல. ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை 3 × 3 × 2 × 2 × 2 = 72; 10403ஐப் பகா எண்ணாகக் கொண்டால் 36தான் கிடைக்கும். அடுக்கோடு 1 கூட்டாமல் பெருக்குவோருக்கு வெறும் 4! வகுத்திகளின் கூடுதலும் 57,91,968க்குப் பதில் 56,80,584 ஆகிவிடும்.

ஆய்லரின் ஃபை மதிப்பில் (ஓர் எண்ணுக்கு உட்பட்டு, அதனோடு 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை), 2²க்கு (2 − 1)² என்று எழுதுவது வழக்கமான பிழை. சரியானது 2² − 2 = 2; 3²க்கு 9 − 3 = 6. எனவே 2 × 6 × 4 × 100 × 102 = 4,89,600.

எக்செல் போன்ற விரிதாள்களில் 15ஆவது இலக்கத்துக்குப் பின் வரும் இலக்கங்கள் 0 ஆகிவிடும். அங்கே 16 இலக்க எண் எதுவும் 10ஆல் வகுபடுவதுபோலவே தோன்றும். அத்தகைய எண்களுக்குப் பைத்தான் நிரல்மொழியின் முழு எண் கணக்கீடு பாதுகாப்பானது.