டிடிஜிஎஸ் லோடு வந்தால் என்னென்ன அளந்து பார்க்கலாம்?

மக்காச்சோளத்தை அரைத்து, நொதிக்கவைத்து, எத்தனாலை வடித்த பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்தால் கிடைப்பதுதான் டிடிஜிஎஸ். மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விடுவதால் மீதியுள்ள புரதம், எண்ணெய், நார் மூன்றும் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிந்துவிடும். நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்தில் இதைச் சேர்க்கிறோம். புரதம் எவ்வளவு என்பது லேப் ரிப்போர்ட்டில் வந்துவிடும். சைலோ என்ற உயரமான சேமிப்புத் தொட்டியிலிருந்து ஒழுங்காக இறங்குமா, அடைத்துக்கொள்ளுமா என்பதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிராம் தராசு, ஒரு லிட்டர் பாத்திரம், புனல், சல்லடைகள், ஸ்கேல், பிவிசி குழாய்த் துண்டு இருந்தால் போதும். ஈரப்பதத்துக்கு மட்டும் ஓவன் வேண்டும்.

முதலில் சாம்பிள்

லாரியின் பின்கதவு ஓரத்தில் இருக்கும் மூட்டைகளில் மட்டும் குத்தூசி போட்டு முடித்துவிடாதீர்கள். மேல், நடு, அடி என்று பத்து மூட்டைகளிலாவது எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அளவுக்கு வரும்வரை இப்படியே குறையுங்கள். குவியலில் பெரிய துகள் ஓரத்துக்கு உருண்டுவிடும், தூள் நடுவில் தங்கும். அதனால் மேலாக ஒரு கை அள்ளினால் கணக்கு தப்பும். எடுத்ததும் காற்றுப்புகாத கவரில் கட்டிவிடுங்கள்.

ஈரப்பதம்

5 கிராம் எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம். ஆறவைத்து எடை பாருங்கள். 4.45 கிராம் இருந்தால் போனது 0.55, அதாவது 11 சதவீதம். 10 முதல் 12 வரை சகஜம். சீக்கிரம் முடியட்டும் என்று 135-ல் வைத்தால் தண்ணீரோடு வேறு சிலதும் ஆவியாகி, ஈரம் கூடுதலாகக் காட்டும். மக்காச்சோளத்துக்கு அளவு செய்த ஈரப்பத மீட்டரை இதில் குத்திப் பார்ப்பதும் வீண்.

பருமன் அடர்த்தி

எனக்குப் பிடித்த அளவு இது. ஒரு சைலோவில் எத்தனை டன் கொள்ளும் என்று சொல்வது இதுதான்.

முதலில் பாத்திரத்தின் உண்மையான கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். 'ஒரு லிட்டர்' என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். காலிப் பாத்திரத்தை எடை போட்டு, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மறுபடி போடுங்கள். தண்ணீர் 990 கிராம் என்றால் கொள்ளளவு 990 மில்லி. பாத்திரத்தைத் துடைத்து, புனல் வழியாக டிடிஜிஎஸ்ஸைத் தானாக விழவிடுங்கள். நிரம்பி வழிந்ததும் ஸ்கேலால் தலைதட்டுங்கள். சரக்கு 465 கிராம் நின்றால், 465-ஐ 990-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள்: கன மீட்டருக்கு 470 கிலோ. பொதுவாக 390-லிருந்து 500-க்குள் இருக்கும்.

பாத்திரத்தைத் தட்டக் கூடாது, கையால் அமுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அமுக்கி நிரப்பி 540 என்று எழுதிவைத்து, 'இதில் என்ன கலந்தீர்கள்?' என்று சரக்கு அனுப்பியவரிடம் போனில் சண்டையே போட்டேன். மறுநாள் புனலில் விட்டுப் பார்த்தால் 480. மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டது. அதிலிருந்து மூன்று தடவை அளந்து சராசரிதான் எழுதுகிறேன்.

குவியல் சாய்வு

சமதளத்தில் காகிதம் விரித்து, புனலிலிருந்து மெதுவாகக் கொட்டுங்கள். குவியலின் உயரம் 9.5 செ.மீ., விட்டம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை விட்டத்தின் பாதியால் வகுத்தால் 0.633. போன் கால்குலேட்டரில் இதற்கு 'டேன் இன்வெர்ஸ்' போட்டால் 32 டிகிரி சொச்சம். சாய்வு கூடக் கூட, சரக்கு ஓடச் சோம்பல்படும்.

சல்லடையும் நிறமும்

100 கிராமை 2 மி.மீ., 1 மி.மீ., அரை மி.மீ. சல்லடைகளில் பத்து நிமிடம் சலித்து, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போடுங்கள். 2 மி.மீ. சல்லடையில் உருண்டைகள் நிறைய நின்றால், காயவைக்கும்போது சேர்த்த சிரப் (எத்தனால் வடித்தபின் மிஞ்சும் நீரைச் சுண்டவைத்தது) சரியாகக் கலக்கவில்லை. நிறத்துக்கு, போன லோடின் சாம்பிளை வெள்ளைக் காகிதத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காபித்தூள் நிறமும் தீய்ந்த வாசனையும் வந்தால் சூடு ஏறிவிட்டது. புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் செரிமானம் குறையும்.

புட்டுக்குழல் சோதனை

மேலே சொன்ன எல்லாம் நன்றாக வந்த சரக்குகூட இரண்டு நாள் கிடந்தால் இறுகிவிடும். அமெரிக்காவின் மத்திய மேற்கில் ரயில் வேகனிலேயே இது கல்லாகிப்போய், பக்கவாட்டில் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். ஈரம், சூடு, மேலிருந்து அழுத்தும் எடை, எண்ணெய் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது.

பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, சேர்த்துக் கட்டி, சரக்கை நிரப்புங்கள். மேலே குழாய்க்குள் இறங்கும் அளவு வட்டப் பலகை, அதன்மேல் 5 கிலோ படிக்கல். மறுநாள் கல்லை எடுத்துக் கட்டை அவிழ்த்துக் குழாயைப் பிரியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சைலோவில் ஏற்றலாம். புட்டு மாதிரி நிமிர்ந்து நின்றால், நாங்கள் அந்த லோடை மூட்டையோடு அடுக்கி, முதல் ஆளாகச் செலவழித்துவிடுவோம்.