புரதம் வெட்டும் நொதியங்கள்: நாம் வழமையாக விடும் பிழைகள்

கிண்ணியாப் பக்கம் மாட்டிறைச்சி சமைப்பவர்களுக்குப் பப்பாசிக்காயின் வேலை தெரியும். ஒரு துண்டை அரைத்துப் பிரட்டி வைத்தால் முற்றின இறைச்சியும் மெதுமையாகிவிடும். காயின் பாலில் உள்ள பப்பேன் என்ற நொதியம் இறைச்சிப் புரதத்தை வெட்டிப்போடுகிறது. உயர்தர உயிரியலில் படிக்கும் பெப்சினும் திரிப்சினும் இதே இனம்தான். சமையலுக்கும் பரீட்சைக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும். நோய் என்று வரும்போதுதான் இதே அறிவு ஆளைப் பிழையான பக்கம் கொண்டுபோகிறது. திருகோணமலையில் மாணவர்களிடமும், குளிசைப் பையோடு கிளினிக்குக்குப் போய்வரும் பெரியவர்களிடமும் அடிக்கடி காதில் விழும் பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெட்டினால் அழிந்துவிடும் என்று நினைப்பது

மனித உடலில் புரதம் வெட்டும் நொதியங்களுக்கான மரபணுக்கள் 550-க்கு மேல் இருக்கின்றன. எல்லாம் சமிபாட்டுக்குத்தான் என்றால் இத்தனை எதற்கு? இவற்றில் பல, ஒரு புரதத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரேயொரு வெட்டுப் போட்டுவிட்டு விலகிவிடும். வெட்டுப்பட்ட புரதம் அழிவதில்லை. வேறு வேலை பார்க்கத் தொடங்குகிறது.

இதை அழகாகக் காட்டியவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ஓவரோல். அடிப்படையில் பல் வைத்தியம் படித்தவர். கனடாவின் வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தியவர். எம்.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதியக் குடும்பம் அவருடைய களம். இவை வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். மனிதரில் 23 உண்டு. கலங்களுக்கு இடையிலுள்ள கொலாஜன் போன்ற கட்டுமானப் புரதங்களை அரிப்பதே இவற்றின் தொழில் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அப்படி நம்பியதில் வியப்பில்லை. 1962-இல் இந்தக் குடும்பத்தின் முதல் நொதியம் அகப்பட்டதே, வாற்பேத்தையின் வால் கரைந்துபோவது எப்படி என்று தேடியபோதுதான்.

ஓவரோலின் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. எம்.சி.பி-3 என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதம். அழற்சி உள்ள இடத்துக்கு வெண்குருதிக் கலங்களை அழைப்பது அதன் வேலை. எம்.எம்.பி-2 அதன் முனையில் நான்கே நான்கு அமினோ அமிலங்களை வெட்டி எடுக்கிறது. மிச்சமுள்ள 72 என்ன செய்கிறது தெரியுமா? முன்பு போலவே கலத்தின் வாங்கியில், அதாவது அழைப்பைப் பிடிக்கும் புரதத்தில், போய் உட்காருகிறது. ஆனால் அழைப்புக் கொடுப்பதில்லை. அழைக்க வரும் முழுப் புரதத்துக்கும் இடம் விடுவதில்லை. அழற்சி தணிகிறது. திசுவை அரிக்கும் ரவுடி என்று பேரெடுத்த நொதியம், உண்மையில் சண்டையை நிறுத்திவைக்கிறது.

இதன் மறுபக்கத்தைத் தம்பலகாமம் வயல்களில் பார்க்கலாம். கண்ணாடி விரியன் கடித்தால் குருதி உறையாமல் போவதைக் கண்டு, நஞ்சு இரத்தத்தைக் கரைத்துவிட்டது என்பார்கள். நடப்பது அதுவல்ல. நஞ்சிலுள்ள நொதியங்கள் 10-ஆம், 5-ஆம் உறைதற் காரணிகளில் குறிப்பான வெட்டுகள் போட்டு அவற்றை முடுக்கிவிடுகின்றன. உடலுக்குள்ளே வீணாக உறைதல் நடந்து, உறையத் தேவையான புரதங்கள் செலவழிந்துபோகின்றன. அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். கடிவாயைக் கீறி இரத்தம் எடுப்பது ஏன் ஆபத்து என்பதும் இப்போது விளங்கும். உறையும் சக்தி இழந்த இரத்தம் கீறிய இடத்தில் நிற்காது.

சாப்பிட்டால் போய்ச் சேரும் என்று நினைப்பது

அன்னாசி நொதியம், பப்பேன் என்று போத்தலில் விற்பவை உடல் முழுக்கப் போய் வீக்கத்தையும் கட்டியையும் வெட்டும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நொதியமும் ஒரு புரதம்தானே! இரைப்பைக்குள் போனதும் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். தப்பி இரத்தத்துக்கு வந்தாலும், வழிதவறிய வெட்டும் நொதியங்களைப் பொறிவைத்துப் பிடிக்கும் புரதங்கள் அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன. சதையி பழுதானவர்களுக்கு வைத்தியர் கொடுக்கும் நொதிய மாத்திரை பலன் தருவது உண்மை. அது வேலை செய்யவேண்டிய இடமே குடல். அமிலத்தில் கரையாத உறையும் அதற்குப் போட்டிருக்கிறார்கள்.

2017-இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது இருந்தவர்களுக்குத் தெரியும்: எல்லாரும் சிறுதட்டு எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். டெங்கில் பெரிய ஆபத்து, குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவது. சிறுதட்டு கூடும் என்று நம்பிப் பப்பாசி இலைச்சாறு குடித்தோம் என்ற தைரியத்தில், காய்ச்சல் விட்டதும் வீட்டிலேயே இருந்துவிடக்கூடாது. கசிவு தொடங்குவது அந்த நேரத்தில்தான்.

நோயுள்ள இடத்தில் கண்டதைக் குற்றவாளி ஆக்குவது

ஆய்வாளர்களே விழுந்த குழி இது. என் கணக்கில் எல்லாவற்றிலும் விலை கூடியதும் இதுதான். புற்றுக்கட்டிகளில் எம்.எம்.பி. அதிகம் இருந்தது. கட்டி பரவ, சுற்றியுள்ள கொலாஜனை உடைத்துக்கொண்டு போகவேண்டும். எனவே எம்.எம்.பி-யை அடக்கினால் புற்று அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள். நம்ம ஊர் பஸ் நிலையத்தடியில் குப்பையைச் சுற்றி மான்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, குப்பையைக் கொட்டியது மான்கள்தான் என்று முடிவுகட்டுவது போல.

1990-களில் மரிமாஸ்டாட் போன்ற மருந்துகளைப் பெரிய அளவில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. தோளிலும் கையிலும் மூட்டுவலிதான் வந்தது. டனோமாஸ்டாட் என்ற இன்னொரு மருந்தின் சோதனையை 1999-இல் இடையிலேயே நிறுத்தினார்கள். ஒருவகை நுரையீரல் புற்றுநோயில், மருந்தில்லாத வெறும் மாத்திரை குடித்தவர்களைவிட மருந்து குடித்தவர்களின் நிலை மோசமாக இருந்தது.

ஏன் இப்படி? நோய் முற்றியவர்களிடம் சோதித்தது ஒரு காரணம். எந்த எம்.எம்.பி. எதை வெட்டுகிறது என்று தெரியாமலே ஒட்டுமொத்தமாக அடக்கியது அதைவிடப் பெரிய காரணம். 2003-இல் ஸ்பெயினில் கார்லோஸ் லோபெஸ்-ஒட்டினின் குழு, எம்.எம்.பி-8 இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்தது. ஆண் எலிகளுக்குத் தோற்புற்று அதிகமாக வந்தது. அந்த நொதியம் காவலாக நின்றிருக்கிறது! இதற்குப் பிறகு ஓவரோல் போன்றவர்கள் இந்த நொதியங்களை இரண்டாகப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள்: மருந்து தாக்கவேண்டியவை ஒரு பக்கம், மருந்து தொடவே கூடாதவை மறுபக்கம்.

அளவைப் பார்த்து வேலையை முடிவுசெய்வது

இது பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. நொதியம் இருக்கிறது என்பதும் அது வெட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சதையி நிறையத் திரிப்சினோஜன் இருக்கிறது. அது செயலற்ற முன்வடிவம். குடலுக்கு வந்துதான் திரிப்சினாக வேண்டும். சதையிக்குள்ளேயே திரிப்சினானால் அழற்சி வந்து ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும்.

ஜெலட்டின் சைமோகிராபி, அதாவது ஜெலட்டின் கலந்த ஜெல்லில் வெட்டும் நொதியங்களைத் தேடும் சோதனை, செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெல்லில் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சவர்க்கார வகைப் பொருள் முன்வடிவத்தையும் விரித்துவிடுவதால் அதுவும் ஜெலட்டினை வெட்டி வெள்ளைப் பட்டையாகத் தெரியும். திசுவுக்குள் அது உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பட்டையைக் காட்டி "செயற்பாடு கூடியது" என்று எழுதவேண்டாம்.

அப்புறம், ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பிக்காக இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ-யும் புரதம் வெட்டும் ஒரு நொதியம்தான். சுரப்பி வீங்கினாலும் கிருமி தொற்றினாலும் அது இரத்தத்தில் ஏறும். றிப்போட்டில் எண் கூடினவுடன் புற்றுநோய் என்று வீட்டை அழவைக்கத் தேவையில்லை.

ஒரு நொதியத்துக்கு ஒரே வேலை என்று நினைப்பது

எனலப்ரில், கப்டோப்ரில் போன்ற பிரஷர் குளிசைகள் ஏ.சி.ஈ. என்ற வெட்டும் நொதியத்தை அடக்குகின்றன. கப்டோப்ரில் பிறந்ததே பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சிலிருந்து கிடைத்த துப்பால்தான். 1981-இல் பாவனைக்கு வந்தது. ஏ.சி.ஈ. வெட்டும் ஒரு துண்டு, இரத்தக் குழாயைச் சுருக்கும் அஞ்சியோடென்சின்-2 ஆக மாறுகிறது. அதைத் தடுத்தால் பிரஷர் இறங்கும். ஆனால் அதே ஏ.சி.ஈ. பிரடிகினின் என்ற இன்னொரு பொருளையும் வெட்டி ஒழிக்கிறது. குளிசை போட்டால் அது வெட்டப்படாமல் தேங்கும். சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இருமலுக்குப் பாணி வாங்கிக் குடித்துப் பயனில்லை. குளிசையைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பிழை. பிரஷர் மறுபடி ஏறிவிடும். கிளினிக்கில் சொன்னால் லொசாட்டன் போன்றதாக மாற்றித் தருவார்கள். அது ஏ.சி.ஈ-யைத் தொடுவதில்லை. ஆனால் இந்தக் குளிசை போடுகிறவருக்கு உதடோ நாக்கோ முகமோ திடீரென்று வீங்கினால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குளிசைப் பையையும் கையோடு கொண்டுபோங்கள்.