ஒற்றன் கதை வீடியோவில் உதடும் குரலும் ஒட்டாமல் போனதைச் சரி செய்த விதம்
கோபியில் பிள்ளைகள் அசைன்மென்ட்டுக்காகத் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் போனில் எடுத்த ஒற்றன் கதையில், தொடக்கத்தில் சரியாக இருந்த குரல் போகப்போக உதட்டை விட்டு விலகிக்கொண்டே போனது. எடிட்டிங் மென்பொருளை மாற்றினோம், வேறு லேப்டாப்பில் ஏற்றினோம், ஒலியை வெட்டி நகர்த்தினாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகும். இதில் கவனிக்க வேண்டியது, பகல் காட்சிகளில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. ஒற்றன் இருட்டில் சீட்டைக் கைமாற்றும் இடத்தில்தான் ரொம்ப மோசம். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படங்கள்) என்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பார்த்தால் பிரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’, அதாவது வேகம் நிலையாக இல்லை, என்றே இருந்தது. எடிட்டிங் மென்பொருளோ ஒரே வேகம் என்று கணக்குப் போட்டதால்தான் குரல் விலகியது. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 30, ‘கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்’ (மாறாத வேகம்) என்று வைத்து எல்லா கிளிப்பையும் மாற்றி, அப்புறம் புது டைம்லைனில் போட்டதும் கடைசி வசனம் வரை ஒட்டி வந்தது. அப்பாடா! பழைய டைம்லைனிலேயே கிளிப்பை மாற்றிப் போடாதீர்கள், வெட்டிய இடங்கள் தள்ளிப் போய்விடும்.